லாவோஸ் சமையலுக்குச் சொந்தப் பெயரை வாங்கித் தந்த செங்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு ஒரு சமையல்கார அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் பெயர் செங் லுவாங்ராத். பிறந்தது லாவோஸ் நாட்டில். பெயர் பெற்றது அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டனில். சமையல் எல்லாப் பெண்களும் செய்கிற வேலைதானே, இதில் பேச என்ன இருக்கு என்று நினைக்க வேண்டாம். இவர் சமைத்தது ருசியாக இருந்தது என்பதற்காக மட்டும் நாங்கள் இதைச் சொல்ல வரவில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டை அதன் சொந்தப் பெயரிலேயே ஊரார் முன்னால் வைத்தார். அதுவரைக்கும் அந்தச் சாப்பாடு வேறொரு நாட்டின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்தது. அது ஏன் ஒளிந்தது, இவர் எப்படி வெளியே கொண்டு வந்தார் என்பதுதான் இன்றைய பேச்சு.

லாவோஸ் எங்கே இருக்கு?

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம். தாய்லாந்து, வியட்நாம், சீனா, கம்போடியா, மியான்மர் என்று ஐந்து நாடுகள் சூழ, நடுவில் இருக்கிற சின்ன நாடு லாவோஸ். கடல் கிடையாது. மொத்த மக்கள்தொகை சுமார் 75 லட்சம்தான். மேகாங் என்ற பெரிய ஆறு அந்த நாட்டின் உயிர்நாடி. மீன், தண்ணீர், போக்குவரத்து எல்லாமே அந்த ஆறுதான். வியன்டியான் தலைநகரம். ராஜாக்கள் இருந்த பழைய நகரம் லுவாங் பிரபாங்.

அந்த மக்களின் முக்கியச் சாப்பாடு ஒட்டும் அரிசி. உலகத்திலேயே ஆளுக்கு இவ்வளவு ஒட்டும் அரிசி சாப்பிடுகிறவர்கள் வேறு எங்கேயும் இல்லை. அதை நம்மைப் போலத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிப்பதில்லை. ராத்திரியே அரிசியை ஊறப்போட்டு, காலையில் கூம்பு மாதிரி இருக்கிற மூங்கில் கூடையில் கொட்டி, அடியில் தண்ணீர் கொதிக்கிற பானையின் வாயில் அந்தக் கூடையை வைத்து, ஆவியிலேயே வேக வைக்கிறார்கள். நாம் இட்லி அவிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்த சோற்றை மூடி போட்ட இன்னொரு சின்ன மூங்கில் கூடையில் எடுத்து வைப்பார்கள். வேர்த்து நசநசத்துப் போகாது, காய்ந்தும் போகாது. வயலுக்குப் போகிறவர் அந்தக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். கையால் ஒரு பிடி எடுத்து, உருட்டி, மிளகாய்த் துவையலிலோ குழம்பிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். அந்தக் கூடைக்குப் பெயர் 'திப் காவ்'. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொரு பெயர் 'பாதேக்'. ஆற்று மீனை உப்பும் அரிசித் தவிடும் சேர்த்து ஜாடியில் அடைத்து, மாதக்கணக்கில் ஊறவைப்பது. கெட்டியாக, மீன் துண்டுகளோடு இருக்கும். வாசனை பலமாக இருக்கும். கருவாடு வறுக்கும்போது தெருவுக்கே தெரிகிற மாதிரிதான். ஆனால் லாவோ வீட்டில் அது இல்லாமல் பல கறிகள் இறங்காது.

போரும் அகதி முகாமும்

லாவோஸ் பல பத்தாண்டுகள் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்து, 1953-ல் விடுதலை பெற்றது. ஆனால் நிம்மதி வரவில்லை. பக்கத்தில் நடந்த வியட்நாம் போர் அங்கேயும் புகுந்தது. 1964 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டுகளில் அமெரிக்க விமானங்கள் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் முறை பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அவற்றில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடப்பவை இன்னும் இருக்கின்றன. நிலத்தைக் கொத்தும்போது வெடித்துக் கை, கால், உயிர் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

1975-ல் மன்னராட்சி முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் 3 லட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலோர் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குப் போனார்கள்.

செங்கும் அவர்களில் ஒருவர். வியன்டியானில் பிறந்தவர். பாட்டியின் அடுப்படியில்தான் அவருக்குச் சமையல் பழக்கம் தொடங்கியது. 1981-ல் 12 வயதில் தாய்லாந்தில் இருந்த அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

முகாம் என்றால் நாட்டின் பல பகுதிகளில் இருந்து வந்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இடம். வடக்கே ஒரு பக்குவம், தெற்கே ஒரு பக்குவம். ஆற்றங்கரைக்காரர் மீனை ஒரு மாதிரி சமைப்பார், மலைக்காரர் கீரையை ஒரு மாதிரி சமைப்பார். அந்தச் சிறுமி அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குக் கூடமாட உதவிக்கொண்டே, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் ஒரு ஊர் பக்குவம்தான் தெரிந்திருக்கும். ஊரை இழந்த இடத்தில் பல ஊர்ச் சமையல் கைக்கு வந்தது. அகதி வாழ்க்கை நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நிலையிலும் பெண்கள் சிறுபிள்ளைக்குக் கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறோம். அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

1983-ல் செங்கின் குடும்பம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், வாஷிங்டன் பக்கம் இடமாற்றம், பிழைப்புக்கு வேறு வேலை. சமையல் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. தொலைக்காட்சியில் வந்த சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்துப் புதுசா சிலது கற்றுக்கொண்டார். சமையல் வீட்டோடு இருந்தது.

பெயர் எங்கே போனது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் லாவோ குடும்பங்கள் நடத்திய ஓட்டல்கள் இருந்தன. ஆனால் பெயர்ப்பலகையில் 'தாய்லாந்து உணவகம்' என்றிருக்கும். காரணம் சுலபம். தாய்லாந்து என்றால் வாடிக்கையாளருக்குத் தெரியும். லாவோஸ் என்றால் அது எங்கே இருக்கு என்று கேட்பார்கள். ஆள் வர வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அதனால் வந்தவர்களுக்குத் தாய்லாந்துச் சாப்பாடு. கடை மூடியபிறகு வீட்டுக்காரர்கள் பின்கட்டில் உட்கார்ந்து ஒட்டும் சோறும் பாதேக்கும் சாப்பிடுவார்கள்.

இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1893-ல் போட்ட ஒப்பந்தத்தில் மேகாங் ஆற்றின் கிழக்குக் கரை பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது. மேற்குக் கரை, அன்றைக்குச் சியாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்தோடு நின்றது. ஒரே மொழி, ஒரே சோறு சாப்பிட்ட மக்கள் இரண்டு நாடாகப் பிரிந்தார்கள். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானில் லாவோ வம்சாவளியினர்தான் அதிகம். லாவோஸ் நாட்டில் இருப்பதைவிட அங்கே அதிகம் பேர் இருக்கிறார்கள். பிழைப்புக்காக பாங்காக் போன இசான் மக்கள் தங்கள் சாப்பாட்டையும் கொண்டு போனார்கள். பாங்காக்கில் இருந்து அது உலகம் முழுக்கப் போனது. போகும்போது தாய்லாந்துப் பெயரில் போனது.

'லாப்' என்று ஒரு பதார்த்தம். பொடியாகக் கொத்திய இறைச்சியில் எலுமிச்சைச் சாறு, புதினா, மிளகாய், வறுத்து இடித்த அரிசிப் பொடி சேர்த்துப் பிசைவது. இன்னொன்று பப்பாளிக்காயைச் சீவி, மிளகாயோடு உரலில் இடித்துச் செய்வது. லாவோ மொழியில் 'தாம் மாக் ஹூங்'. இரண்டையும் உலகம் தாய்லாந்துச் சாப்பாடு என்றுதான் அறிந்திருந்தது. பாங்காக் பக்குவத்தில் பப்பாளிக்காயோடு நிலக்கடலை, உலர்ந்த இறால், சர்க்கரை சேரும். தித்திப்பாக இருக்கும். லாவோ பக்குவத்தில் பாதேக் சேரும். உப்பும் புளிப்பும் காரமும் தூக்கலாக இருக்கும்.

இதை யாரும் திருடினார்கள் என்று சொல்ல முடியாது. ஆற்றின் இரண்டு கரையிலும் இருப்பது ஒரே மக்கள்தான். ஆனால் ஒரு பொருள் வேறு பெயரில் கொஞ்ச காலம் விற்றால், உடையவர் வந்து "இது எங்களுது" என்று சொல்லும்போது கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். லாவோ பிள்ளைகளே அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் தங்கள் சாப்பாட்டைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். வாசனை ஒரு கூச்சம், பெயர் தெரியாதது இன்னொரு கூச்சம்.

முதல் கடை

2010-ல் செங் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் ஒரு கடையை எடுத்து நடத்தத் தொடங்கினார். அப்போது அவருக்கு 40 வயதை ஒட்டி இருக்கும். கடையின் பெயர் 'பாங்காக் கோல்டன்'. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடை, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்கள்.

எடுத்த எடுப்பில் அவர் பலகையை மாற்றவில்லை. வழக்கமான தாய்லாந்துச் சாப்பாடு நடந்தது. பட்டியலில் இல்லாத லாவோ பதார்த்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய் வைத்தார். சாப்பிட்டவர்கள் மறுபடி வந்து அதையே கேட்டார்கள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொன்னார். அப்புறம் லாவோ சாப்பாட்டுக்குத் தனிப் பட்டியலே வந்தது. உணவு பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்களும் தேடி வந்தார்கள். அவர்கள் வந்தது பட்டியலில் ஒளிந்திருந்த லாவோ சாப்பாட்டுக்காகத்தான்.

சகோதரிகளே, இதில் ஒரு கணக்கு இருக்கு பாருங்க. தெரிந்த சரக்கு கடையை ஓட்டியது. புது சரக்கு அதன் நிழலில் வளர்ந்தது. ஒரே நாளில் பழையதை நிறுத்தியிருந்தால் கடை நின்றிருக்கலாம். பழையதிலேயே இருந்திருந்தால் லாவோ சாப்பாடு பின்கட்டிலேயே இருந்திருக்கும். தன் கைச்சமையலைக் காட்டிக்கொண்டே, கேட்கிற ஆள் சேரும்வரை அவர் பொறுத்திருந்தார்.

திப் காவ்

2014 கடைசியில் வாஷிங்டன் நகரத்துக்குள்ளேயே ஒரு புதுக்கடை திறந்தார். இந்த முறை பாங்காக் பெயர் இல்லை. பலகையில் 'திப் காவ்' என்று எழுதினார். ஆமாம், அந்தச் சோற்றுக் கூடையின் பெயர்தான். வந்தவர்களுக்கு ஒட்டும் சோறு கூடையிலேயே வந்தது. கையால் சாப்பிடும் பழக்கம் அங்கே உட்கார்ந்த வெள்ளைக்காரர்களுக்கும் வந்தது.

இன்னும் ஒன்று செய்தார். வெளியார் பயந்து ஒதுக்குவார்கள் என்று நினைக்கிற சமையலை, உள்ளுறுப்புக் கறிகள், பன்றிக் காது போன்றவற்றை, காட்டை நினைவுபடுத்துகிற ஒரு லாவோ பெயரில் தனிப் பட்டியலாகவே போட்டார். நேராக எழுதி வைத்தார், விருப்பப்பட்டவர் சாப்பிட்டார். அந்தக் கடையில் பேர்போன இன்னொரு பதார்த்தம் 'நேம் காவ்'. சோற்றை உருட்டிப் பொரித்து, மொறுமொறு என்று உதிர்த்து, புளிக்கவைத்த பன்றி இறைச்சி, கீரை, எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து, இலையில் மடித்துச் சாப்பிடுவது.

2016-ல் மிஷெலின் என்ற நிறுவனம் வாஷிங்டன் நகர உணவகங்களுக்கு முதல் முறையாகத் தரப்பட்டியல் போட்டது. டயர் செய்கிற நிறுவனம்தான், ஆனால் அவர்கள் போடுகிற சாப்பாட்டுப் பட்டியலுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தருகிற கடைகள் என்ற பிரிவில் திப் காவ் இடம் பெற்றது. எந்த நாட்டு விமானங்கள் லாவோஸ் மேல் குண்டு போட்டனவோ, அந்த நாட்டின் தலைநகரத்தில், அகதியாக வந்த ஒரு பெண் கூடைச் சோற்றை அதன் பெயரோடு வைத்து அந்த இடத்தைப் பெற்றார்.

பழைய 'பாங்காக் கோல்டன்' கடைக்கும் பின்னர் பெயர் மாற்றினார். என்ன பெயர் தெரியுமா? 'பாதேக்'. எந்த வாசனைக்கு எல்லாரும் கூச்சப்பட்டார்களோ, அதையே பெயராக வைத்துவிட்டார். 2019-ல் 'ஹனுமான்' என்று இன்னொரு கடை திறந்தார். நம் ஆஞ்சநேயர்தான்! லாவோஸிலும் ராமாயணக் கதை உண்டு. ஆனால் கொரோனா வந்தபின் அந்தக் கடை நிலைக்கவில்லை. பேர் பெற்றவர் திறந்த கடை எல்லாம் ஓடிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மகனும் மற்றவர்களும்

செங்கின் மகன் பாபி பிரதசித். இவர் அமெரிக்காவின் பெரிய சமையல் கல்லூரியில் முறையாகப் படித்தவர். பேர்போன சமையல்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவோடு அதே அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு முகாமில் கற்ற கைப்பக்குவம். மகனுக்குக் கல்லூரியில் கற்ற அளவும் முறையும். வீட்டுச் சமையலைக் கூச்சத்தோடு பார்த்த பிள்ளைகள் பல பேர் இருந்த சமூகத்தில், படித்த பிள்ளை அதையே தொழிலாக எடுத்தது பெரிய விஷயம்.

தன் கடை ஓடினால் போதும் என்று செங் நிற்கவில்லை. மற்ற லாவோ சமையல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு 'லாவோ உணவு இயக்கம்' என்று தொடங்கினார். தாய்லாந்துப் பெயரில் கடை நடத்துகிறவர்களும் லாவோ பதார்த்தங்களைப் பட்டியலில் அதன் பெயரிலேயே எழுத வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அடுத்த கடைக்காரர் போட்டிக்காரர்தானே என்று அவர் கணக்குப் போடவில்லை. லாவோ சாப்பாடு என்ற ஒன்று இருக்கு என்று பத்துக் கடைகள் சொன்னால்தான் ஒரு கடை சொல்வதும் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ராஜாவின் சமையல்காரர்

முடிப்பதற்கு முன்னால் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லுவாங் பிரபாங் அரண்மனையில் பியா சிங் என்ற தலைமைச் சமையல்காரர் இருந்தார். 1967-ல் இறந்து போனார். இறப்பதற்கு முன் நூறுக்கும் மேற்பட்ட பக்குவங்களை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்திருந்தார். 1974-ல் பட்டத்து இளவரசர் அந்த நோட்டுகளை அப்போது அங்கே இருந்த பிரிட்டிஷ் தூதர் ஆலன் டேவிட்சனிடம் கொடுத்தார். டேவிட்சன் சமையலில் ஆர்வம் உள்ளவர், நகல் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. பிறகு ராஜ குடும்பத்தை முகாமுக்குக் கொண்டு போனார்கள், அவர்கள் திரும்பி வரவில்லை. நகல் மட்டும் தப்பியது. 1981-ல் லாவோ மொழியிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. செங் என்ற சிறுமி முகாமில் பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்து நின்றதும் அதே 1981-ல்தான்.

ஆக, லாவோ சமையல் இரண்டு வழியில் பிழைத்தது. ஒன்று நோட்டில் எழுதினது வழியாக. இன்னொன்று பெண்களின் கை வழியாக. அரண்மனைச் சமையலை எழுதினவர் பெயர் நமக்குத் தெரிகிறது. முகாமில் கற்றுக் கொடுத்தவர்களின் பெயர் தெரியவில்லை. செங் மாதிரி ஒருத்தர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்ததால் அவர்கள் சமையலாவது தெரிகிறது.

இதைக் கேட்ட நமக்கு ஒரு வேலை இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் அம்மாவோ மாமியாரோ ஆத்தாவோ செய்கிற, கடையில் கிடைக்காத ஒரு பதார்த்தத்தின் பக்குவத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். 'கொஞ்சம்', 'கைப்பிடி' என்று விடாமல், பக்கத்தில் நின்று படியிலோ கரண்டியிலோ அளந்து எழுதுங்கள். எழுதத் தெரியாத அக்காக்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதித் தரட்டும். மேலே பதார்த்தத்தின் பெயர், ஊர் பெயர், செய்கிறவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். வந்ததை எல்லாம் இந்த இதழில் மாதம் ஒன்றாகப் போடுகிறோம்.